திறந்திருக்கும் மென்பொருளிடம் கோப்பு எப்படிப் போய்ச் சேர்கிறது?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சிறிய அறையில், சாதாரண தரப் பரீட்சை முடித்த பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி முகம் வாடி வகுப்புக்கு வந்தாள். முதல்நாள் தன் சுயவிபரக் கோவையை அச்செடுக்க டவுனில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். பென் டிரைவைச் செருகி, பிடிஎப் கோப்பை டபுள் கிளிக் செய்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் செய்தாள். அப்புறமும் செய்தாள். ஏழெட்டுத் தடவை ஆன பிறகு கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, உங்க பென்ல வைரஸ் இருக்கு, கழட்டுங்க" என்று சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் அதைக் கழற்றிக்கொண்டு, அச்செடுக்காமலேயே பஸ் ஏறிவிட்டாள்.

பென் டிரைவை வாங்கிச் சோதித்தேன். வைரஸ் எதுவும் இல்லை. "வேற என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன். "கீழ ஒரு சின்னப் படம் மட்டும் செம்மஞ்சளா மின்னிக்கிட்டே இருந்துச்சு சேர்" என்றாள்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அவளுடைய கோப்பு முதல் கிளிக்கிலேயே திறந்துவிட்டது. கடைக்காரர் காலையிலிருந்து திறந்து வைத்திருந்த பிடிஎப் ரீடருக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறந்திருந்தது, அவ்வளவுதான். வைரஸ், ஸ்டக், ரேம் பத்தாது என்று எதற்கெடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளை தன்மேல் பிழை என்று நினைத்துத் திரும்பிப் போகாமல் இருப்பதற்காகவாவது இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று பட்டது.

எழுதி வைத்த கொப்பி வேறு, சமைக்கிற ஆள் வேறு

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானம் என்று வைத்துக்கொள்வோம். எதை எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறது. கொப்பி தானாகச் சமைக்காது. அதை வாசித்து, அடுப்பை மூட்டி, கிடாரத்தை ஏற்ற ஓர் ஆள் வேண்டும்.

டிஸ்க்கில் கிடக்கும் மென்பொருள்தான் அந்தக் கொப்பி. அதைக் கணினியின் நினைவகத்தில் ஏற்றி ஓடவிட்டால் பிறப்பது ப்ரோசஸ். இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். ஒரே கொப்பியைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு அடுப்பில் சமைக்கலாம். அதேபோல ஒரே மென்பொருளிலிருந்து எத்தனை ப்ரோசஸ் வேண்டுமானாலும் ஓடலாம்.

விண்டோஸின் பழைய நோட்பேட் அப்படித்தான். ஐந்து கடிதம் திறந்தால் ஐந்து நோட்பேட் ஓடும். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. ஒன்று நின்றுபோனால் மற்ற நான்குக்கும் ஒன்றும் ஆகாது.

ஏன் சிலவற்றுக்கு ஓர் ஆள் மட்டும்?

எல்லா மென்பொருளும் நோட்பேட் மாதிரி இருக்க முடியாது. ஒரே கிடாரத்துக்கு இரண்டு சமையல்காரர் என்று வைத்துப் பாருங்கள். இவர் உப்புப் போட்டது அவருக்குத் தெரியாது, அவரும் போடுவார். மென்பொருளில் இந்த உப்பு என்பது அமைப்புகள் எழுதி வைக்கும் கோப்பு. இரண்டு ப்ரோசஸும் தொடங்கும்போது அதே கோப்பை வாசிக்கும். முதலாவதில் எழுத்தளவைப் பெரிதாக்கி மூடுகிறீர்கள். அது எழுதி வைக்கப்படுகிறது. பிறகு இரண்டாவதை மூடும்போது, அது தான் முதலில் வாசித்த பழைய அளவையே மேலே எழுதிவிடுகிறது. நீங்கள் செய்த மாற்றம் போயே போய்விடும். பிரவுசர் மாதிரி வரலாறு, புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் வைத்திருக்கும் மென்பொருளில் இது பெரிய சேதம்.

அதனால்தான் பல மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இதற்குச் சிங்கிள் இன்ஸ்டன்ஸ் என்று பெயர். நோட்பேட் பிளஸ் பிளஸ் (பெயர் ஒத்திருந்தாலும் இது வேறொரு எழுத்து மென்பொருள்) இயல்பாகவே அப்படி. எத்தனை கோப்புத் திறந்தாலும் ஒரே ஜன்னலில் டேப்களாக வரும். பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சியில் இந்தக் கட்டுப்பாட்டை வைக்கவோ எடுக்கவோ அமைப்புகளில் ஒரு தெரிவு உண்டு. ஒரு பாட்டு ஓடும்போது இன்னொரு பாட்டைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து கத்த வேண்டுமா, பழையதை நிறுத்திப் புதியது ஓட வேண்டுமா என்பதை அதில் நாமே முடிவு செய்யலாம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. குரோமைத் திறந்துவிட்டு, ஓடும் ப்ரோசஸ்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் அதே பெயரில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். அதைப் பார்த்து, இது சிங்கிள் இன்ஸ்டன்ஸ் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவை ஒரு தலைமைச் சமையல்காரரும் அவர் கூட்டிவந்த உதவியாட்களும். கட்டுப்பாடு தலைமை ஆளுக்குத்தான்.

இதுவரை பார்த்தது: டிஸ்க்கில் இருப்பது மென்பொருள், ஓடுவது ப்ரோசஸ். ஒரு நேரத்தில் ஒரு தலைமைப் ப்ரோசஸ் மட்டும் ஓட விடுவது சிங்கிள் இன்ஸ்டன்ஸ்.

டபுள் கிளிக் செய்தால் நடப்பது

பெரும்பாலானோர் மனத்தில் இருக்கும் படம் இது: பிடிஎப் ரீடர் ஏற்கெனவே திறந்திருக்கிறது, நாம் கோப்பைக் கிளிக் செய்கிறோம், விண்டோஸ் அந்தக் கோப்பைத் தூக்கி ரீடருக்குள் போடுகிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விண்டோஸ் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

கோப்பின் பெயருக்குப் பின்னால், புள்ளிக்கு அப்பால் இருக்கும் எழுத்துகளை விண்டோஸ் பார்க்கிறது. அந்த வகைக்கு எந்த மென்பொருள் என்று தன் பதிவேட்டில் தேடுகிறது. பிறகு அந்த மென்பொருளைப் புதிதாகவே ஓடவிடுகிறது. ஓடவிடும்போது கோப்பு இருக்கும் இடத்தை எழுதி ஒரு சீட்டாகக் கையில் கொடுத்து அனுப்புகிறது. இந்தச் சீட்டுக்கு ஆர்கியூமெண்ட் என்று பெயர். ஏற்கெனவே ஓர் ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றி விண்டோஸ் கவலைப்படுவதே இல்லை. ஒவ்வொரு டபுள் கிளிக்குக்கும் ஒரு புது ஆள்தான்.

சரி, அப்படியானால் ஏன் இரண்டு ரீடர் திறப்பதில்லை? அந்தப் புது ஆள் வந்தவுடன் செய்யும் முதல் வேலை, அடுப்படியை எட்டிப் பார்ப்பது. யாரும் இல்லையென்றால் அவரே அடுப்பை மூட்டி உட்கார்ந்துவிடுவார். ஏற்கெனவே ஒருவர் இருந்தால், "அண்ணே, இதையும் சேர்த்துப் போடுங்க" என்று சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அவர் ஒரு ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. பிறந்து, சீட்டைக் கொடுத்து, மறைவதற்குப் பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆகாது. இனி அவரைத் தூதுவன் என்றே சொல்கிறேன்.

மேக் கணினியில் ஏற்பாடு வேறு. அங்கே இயங்குதளமே, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு 'இந்தக் கோப்பைத் திற' என்று நேரடியாகச் செய்தி அனுப்பிவிடும். தூதுவன் தேவையில்லை. லினக்ஸில் பல மென்பொருள்கள் டீபஸ் என்ற பொதுச் செய்திப் பாதையில் தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், புதிதாக வந்தது தன் சீட்டைப் பழையதற்கு அனுப்பிவிட்டு விலகிவிடும்.

உள்ளே ஆள் இருப்பதை எப்படி அறிவது? ஹட்டன் ஸ்டேஷனில் விடை இருக்கிறது

ரம்புக்கனைக்கு மேலே நம் மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைப் பாதை. ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் வழியில் சிங்கமலைச் சுரங்கம் வேறு இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் அதற்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது. அதற்குத்தான் டேப்லட் முறை. ஸ்டேஷனில் பெரிய வளையம் ஒன்றில் தோல் பையைக் கோத்து ரயில் சாரதியிடம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் டேப்லட். அது கையில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் ரயில் போக முடியாது. இரண்டு ஸ்டேஷன்களிலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்ப வரும்வரை எந்தப் பெட்டியும் இன்னொரு தகட்டை விடாது.

இயங்குதளம் மென்பொருள்களுக்குக் கொடுக்கும் இதே மாதிரியான தகட்டுக்கு மியூடெக்ஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடிய, பெயரிட்ட அடையாளம் அது. முதலில் வந்த ப்ரோசஸ் அதை உருவாக்கி வைத்துக்கொள்ளும். பின்னால் வருவது அதே பெயரைக் கேட்டால், 'அது ஏற்கெனவே இருக்கிறது' என்று விண்டோஸ் சொல்லிவிடும். உள்ளே ஆள் உண்டு என்பது அப்போது தெரிந்துவிடும்.

எட்டிப் பார்த்தால் போதாதா, இதற்கு ஒரு தகடு எதற்கு என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. பத்து பிடிஎப் கோப்புகளைச் சேர்த்துத் தெரிவு செய்து என்டர் அழுத்திப் பாருங்கள். பத்துத் தூதுவர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறப்பார்கள். இரண்டு பேர் ஒரே கணத்தில் எட்டிப் பார்த்தால் இருவருக்கும் அடுப்படி காலியாகத்தான் தெரியும். இருவரும் அடுப்பை மூட்டுவார்கள். டேப்லட் பெட்டியின் சிறப்பு அங்கேதான். பார்ப்பதும் எடுப்பதும் அதில் ஒரே செயல். இடையில் இன்னொருவர் நுழைய இடமில்லை. மியூடெக்ஸும் அப்படியே, எவ்வளவு நெருக்கமாக வந்தாலும் ஒருவருக்குத்தான் 'நீதான் முதல் ஆள்' என்ற பதில் கிடைக்கும்.

(பதினைந்து கோப்புக்கு மேல் தெரிவு செய்து வலது கிளிக் செய்தால், பட்டியலில் 'ஓப்பன்' என்பதே காணாமல் போகும். அதுவும் பழுது அல்ல. தவறுதலாக ஒரு கூட்டத்தையே ஓடவிடாமல் தடுக்க விண்டோஸ் வைத்திருக்கும் எல்லை அது.)

கை மாறுவது கோப்பு அல்ல, முகவரி

தூதுவன் சீட்டை எப்படிக் கொடுக்கிறான்? ஒரு ப்ரோசஸ் இன்னொன்றின் நினைவகத்துக்குள் இஷ்டத்துக்குக் கை விட முடியாது. பாதுகாப்புக்காக இயங்குதளம் இடையில் சுவர் வைத்திருக்கிறது. அந்தச் சுவரில் அனுமதியோடு திறந்த வாசல்கள் வழியாகத்தான் செய்தி போக வேண்டும். அந்த வழிகளுக்கெல்லாம் சேர்த்து ஐபிசி என்று பெயர். 1987இல் வந்த விண்டோஸ் 2.0 காலத்திலிருந்தே இதற்கென்று ஏதாவது ஒரு வழி இருந்து வருகிறது. இன்று பயன்படும் வழிகளில் ஒன்று நேம்ட் பைப், அதாவது பெயர் வைத்த ஒரு குழாய். உள்ளே இருப்பவர் ஒரு முனையில் காதை வைத்துக் காத்திருப்பார். தூதுவன் மறுமுனையில் சொல்லிவிட்டுப் போவான்.

அவன் சொல்வது என்ன என்பதுதான் முக்கியம். கோப்பின் உள்ளடக்கம் அந்தக் குழாயில் போவதில்லை. கோப்பு இருக்கும் இடம் மட்டும்தான் போகிறது. இதைப் பாத் என்கிறார்கள், கோப்பின் முகவரி.

முகவரி என்றால் என்ன பாடு என்பதை மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மூணாவது காம்பரா" என்றால் அந்த லயத்தில், அதாவது அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில், இருப்பவருக்குத் தெரியும். டவுனிலிருந்து வருகிற ஒருவருக்கு எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம் என்று முழுதாகச் சொன்னால்தான் வந்து சேர முடியும். கோப்புக்கும் அப்படியே. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் வெறுமனே 'கடிதம்' என்று கோப்பின் பெயரை மட்டும் எழுதி ஒரு மென்பொருளை ஓடவிட்டால், தூதுவன் எந்த போல்டரில் நிற்கிறானோ அங்கே இருக்கும் கடிதம் என்று பொருள். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வேறு போல்டரில் இருந்து தொடங்கியவர். அவர் தன் போல்டரில் தேடிவிட்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்பார். நன்றாக எழுதிய மென்பொருளில் தூதுவன் முழு முகவரியாக மாற்றிக் கொடுப்பான், அல்லது தான் நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்வான்.

முகவரி மட்டும்தான் போகிறது என்பதை மறந்தால் இன்னொரு இடத்திலும் அடிபடுவோம். கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு சிப் கோப்பைத் திறந்து அதற்குள் இருக்கும் கட்டுரையை நேரடியாகக் கிளிக் செய்தால், சிப் மென்பொருள் அதை ஒரு தற்காலிக போல்டரில் பிரித்து வைத்து, அந்த இடத்தின் முகவரியைத்தான் கொடுக்கிறது. சில சிப் மென்பொருள்கள், தாங்கள் ஓடவிட்ட ப்ரோசஸ் முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். முடிந்தது தூதுவன்தான், நீங்கள் இன்னும் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். சேமித்தாலும் உங்கள் திருத்தம் சிப்புக்குள் போய்ச் சேராது. சில வேளை அந்தத் தற்காலிகப் பிரதியே அழிந்துபோகும். இப்படி ஓர் இரவு உழைப்பை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் சிப்பை முதலில் முழுதாக வெளியே பிரித்துவிட்டு, பிறகு திறக்கச் சொல்லுவேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இதுவரை பார்த்தது: ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு தூதுவன் பிறக்கிறான். மியூடெக்ஸைக் கேட்டு, உள்ளே ஆள் உண்டா என்று அறிகிறான். உண்டென்றால் ஐபிசி வழியாக முகவரியைக் கொடுத்துவிட்டு மறைகிறான்.

செம்மஞ்சள் மின்னலின் பொருள்

இப்போது அந்த மாணவியிடம் வருவோம். தூதுவன் முகவரியைக் கொடுத்துவிட்டான். கடையில் திறந்திருந்த ரீடர் அதை ஒரு புது டேப்பில் திறந்தும் விட்டது. ஆனால் அந்த ரீடரின் ஜன்னல் கீழே மடக்கப்பட்டிருந்தது. அது தானாக எழுந்து முன்னால் வர வேண்டும் அல்லவா?

விண்டோஸ் இலேசில் விடாது. நீங்கள் ஓர் இடத்தில் தட்டச்சு செய்யும்போது பின்னால் இருக்கும் மென்பொருள் திடீரென்று முன்னால் குதித்தால், அடித்துக்கொண்டிருந்த கடவுச்சொல் வேறெங்கோ போய்விழும். அதைத் தடுக்கவே, பின்னால் இருப்பவை நினைத்தபோது முன்னால் வரக்கூடாது என்று விதி. நீங்கள் கிளிக் செய்ததால் பிறந்த தூதுவனுக்கு முன்னால் வரும் உரிமை உண்டு. மறைவதற்கு முன் அவன் அந்த உரிமையை உள்ளே இருப்பவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மென்பொருளை எழுதியவர் அந்த வரியை எழுத மறந்திருந்தால், உள்ளே இருப்பவர் முன்னால் வர முயன்றும் முடியாமல் கீழேயே நிற்பார். அப்போது விண்டோஸ் அவருடைய சின்னத்தைச் செம்மஞ்சளாக மின்ன வைக்கும். 'இங்கே உங்களுக்கு ஒன்று காத்திருக்கிறது' என்பதே அதன் பொருள். ஒருமுறை அதன்மேல் கிளிக் செய்திருந்தால் அவளுடைய கோவை ஏழெட்டு முறை திறந்து நின்றிருக்கும், அல்லது ஒரே டேப்பில் அமைதியாக இருந்திருக்கும். மென்பொருளைப் பொறுத்தது அது.

கரண்ட் போய் வந்த பிறகு

நீர்மின்சாரம் தரும் லக்சபானவும் காசல்ரீயும் மவுசாகலையும் நம் பக்கம்தான். ஆனாலும் காற்றுமழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் நமக்கும் இருட்டுத்தான். கரண்ட் வந்து கணினியைப் போட்டால் சில மென்பொருள்கள் 'நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லித் திறக்க மறுக்கும். ஓடவே இல்லை என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு ஏன்?

மியூடெக்ஸ் இயங்குதளத்தின் நினைவகத்தில் இருப்பது. ப்ரோசஸ் செத்தாலோ கரண்ட் போனாலோ அதுவும் போய்விடும். ஆனால் சில மென்பொருள்கள் மியூடெக்ஸுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒரு சின்னக் கோப்பை எழுதி வைத்து, 'இது இருந்தால் உள்ளே ஆள் உண்டு' என்று வைத்துக்கொள்கின்றன. இதற்கு லொக் ஃபைல் என்று பெயர். ஒழுங்காக மூடினால் அதை அழித்துவிட்டுப் போகும். கரண்ட் போனால் அழிக்க யார் இருக்கிறார்கள்? சாரதி டேப்லட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதுபோல் ஆகிவிடும். பாதை காலியாக இருந்தும் எந்த ரயிலும் போக முடியாது. கவனமாக எழுதிய மென்பொருள் அந்தக் கோப்புக்குள் தன் ப்ரோசஸின் எண்ணையும் எழுதி வைக்கும். அடுத்து வருபவர் அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழைய கோப்பை ஒதுக்கிவிடுவார்.

லிப்ரே ஆபிஸில் ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது 'பூட்டப்பட்டிருக்கிறது' என்று வருவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்த ஒரு ஆவணத்துக்கு மட்டுமான பூட்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைத் திருத்தாமல் இருப்பதற்காக, ஆவணம் இருக்கும் அதே போல்டரில் மறைவாக எழுதப்படுவது. கரண்ட் போனால் அதுவும் எஞ்சிவிடலாம். கேள்வி மட்டும் வேறு: இங்கே 'ஆவணம் யார் கையில்', அங்கே 'அடுப்படியில் யார்'.

உள்ளே இருப்பவர் சாகாமல், மயங்கிக் கிடப்பதும் உண்டு. தூதுவன் கதவைத் தட்டுகிறான், பதில் இல்லை. பயர்பாக்ஸ் 'ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்று செய்தி காட்டுவது இந்த நிலையில்தான். டாஸ்க் மேனேஜரில் அதைத் தேடி என்ட் டாஸ்க் கொடுத்தால் அடுப்படி காலியாகும். சேமிக்காதது போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' ஓடவிட்டிருந்தால், சாதாரணமாகப் பிறக்கும் தூதுவன் அனுப்பும் ஜன்னல் செய்திகள் (ஐபிசியில் இன்னொரு வழி) அதனிடம் போய்ச் சேரமாட்டா. குறைந்த உரிமை உள்ளது, கூடிய உரிமை உள்ளதற்குக் கட்டளை போடக்கூடாது என்று விஸ்டா என்ற பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸ் தடுக்கிறது. கிளிக் செய்தும் ஒன்றும் நடக்காமல், கீழே எதுவும் மின்னாமலும் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். அதை மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறந்தால் சரியாகிவிடும்.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

வகுப்பில் நாங்கள் செய்ததை நீங்களும் செய்யலாம். நோட்பேட் பிளஸ் பிளஸை ஒரு கோப்போடு திறந்து வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய், அப்டேட் ஸ்பீடை ஹை என்று வையுங்கள் (விண்டோஸ் 10இல் அது வியூ பட்டியலில், புதிய விண்டோஸ் 11இல் டாஸ்க் மேனேஜரின் செட்டிங்ஸில் இருக்கும்). பட்டியலைப் பெயர் வரிசைப்படுத்தி, நோட்பேட் பிளஸ் பிளஸின் வரி கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மென்பொருளில் திறக்கும் இன்னொரு கோப்பை டபுள் கிளிக் செய்யுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அதே பெயரில் இரண்டாவது வரி ஒன்று தோன்றி உடனே மறையும். சில கணினிகளில் அது அவ்வளவு வேகமாக நடப்பதால் நாலைந்து தடவை முயல வேண்டியிருக்கும்.

அந்த மாணவிதான் எங்கள் வகுப்பில் முதலில் அதைக் கண்டவள். "வந்துட்டுப் போயிட்டான் சேர்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.